மெல்லோ குன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆட வரவேண்டிய சேதுவுக்குக் காய்ச்சல் என்று காலை ஒன்பதரைக்குச் செய்தி வந்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு விவசாயிகளும் குன்றின்மேல் ஏறி நின்றுவிட்டார்கள். ஆளுக்கு ஓர் அங்குல உயரம். கோலசிலாங்கூர் டேவானில், ஊர்ப் பொது மண்டபத்தில், கைவினைக் கண்காட்சி. அதன் ஒரு மூலையில் இரண்டு பிங்பாங் மேசைகளை ஒட்டிப்போட்டு, பிரான்ஸ் நாட்டு மலைச்சரிவு ஒன்றை உமாபதி விரித்து வைத்திருந்தான். புதுக் குளிர்பெட்டியோடு வந்த பாலிஸ்டிரீன் பலகைதான் குன்று. பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள்தான் புல். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டிச் செய்த பார வண்டிகள் பதினான்கு. கீழே, சரிவு முடியும் இடத்தில், குதிரைமேல் பிரபுக்களும் கூலிப்படையும்.

ரவாங்கில் ஒரு கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை வெட்டுகிறவன் உமாபதி. ஆறு வருடமாக அவனுக்கு இதுதான் பைத்தியம். என்றோ நடந்த ஒரு போரைச் சின்னப் பொம்மைகளால் மேசைமேல் நிறுத்தி, பகடையும் அளவு நாடாவும் வைத்துக்கொண்டு மறுபடி ஆடிப் பார்ப்பது. நடந்தபடியே முடிய வேண்டும் என்றில்லை. ஆனால் இந்த மெல்லோ போர் மட்டும் அவன் குழுவில் நான்கு தடவை ஆடி நான்கு தடவையும் நடந்தபடியே முடிந்திருந்தது. ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தெட்டில், வரியும் கொள்ளையும் பொறுக்காமல் எழுந்த குடியானவர்கள் அந்தக் குன்றில் அணிவகுத்து நின்றார்கள். சமாதானம் பேசலாம் வா என்று எதிர்ப்படை அவர்கள் தலைவனைக் கூப்பிட்டது. நம்பிப் போனான். அங்கேயே பிடித்துக் கட்டினார்கள். தலையில்லாமல் நின்ற கூட்டத்தைக் குதிரைகள் ஒரே நாளில் மிதித்துத் தள்ளின.

"சேது இல்லன்னா வெவசாயிங்கள யாரு நடத்துறது?" என்றான் உமாபதி, மேசையைப் பார்த்தபடி. பிறகு மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினான். "நீ உக்காரு கலா. ரூல்ஸ் ஒனக்குத் தெரியும்லா. நா எழுதுறப்ப நீதானே படிச்சுப் பாத்த."

கலாவதி கைப்பையில் தைலம் தேடிக்கொண்டிருந்தாள். அப்பா வீரனுக்கு. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவரை வீட்டில் தனியாக விடுவதில்லை. அதனால்தான் செரண்டாவிலிருந்து அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கோலசிலாங்கூருக்கு என்றதும் அவர் முதலில் வரமாட்டேன் என்றார். பிறகு தானே சட்டையை மாட்டிக்கொண்டார். இப்போது சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே வைத்து, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு வெளாடத் தெரியாதுங்க. பெயிண்ட் அடிச்சதோட சரி."

அடித்தவள் அவள்தான். பகலில் செரண்டாவில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் செய்யும் தொழிற்சாலையில் வர்ணப் பகுதி. கீறல், குமிழி, சாயம் வழிந்த தடம் எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. பிரபுக்களின் கேடயங்களுக்கு உமாபதி நாள்கணக்கில் சின்னம் வரைந்துகொண்டிருந்தபோது, குடியானவர்களை இவள் எடுத்துக்கொண்டாள். பழுப்பு, சாம்பல், மண் நிறம். முகங்களைத்தான் அவளால் ஒரே மாதிரி அடிக்க முடியவில்லை. ஒருவனுக்கு முன்பல் தெரிந்தது, இன்னொருவன் தூக்கம் கெட்டவனாக இருந்தான். "பொம்பளைங்க இல்லாமயா போராட்டம்?" என்று கேட்டு இருபத்தாறு பெண் பொம்மைகளையும் வாங்க வைத்தாள். உமாபதி வாங்கித் தந்தான். ஆனால் விதியில் அவர்களுக்கு வண்டிக் காவல் என்று மிகக் குறைந்த மதிப்புதான் எழுதினான்.

வேறு ஆள் இல்லாததால் கடைசியில் அவளே விவசாயிகள் பக்கம் உட்கார்ந்தாள். எதிரில், பிரபுக்கள் பக்கம் உட்கார்ந்தவன் விமலன், ரவாங்கில் என்ஜினியர். நான்கு தடவையும் ஜெயித்தவன் அவன்தான். "பயப்படாதீங்க அக்கா. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்," என்றான். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். கண்காட்சிக்கு வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள். உமாபதி நடுவராக நின்று அவர்களுக்குப் போரின் கதையைச் சொல்லிவிட்டு, வெள்ளைத்துணி பிடித்த தூதன் பொம்மையைச் சரிவில் ஏற்றிவைத்தான்.

"சமாதானம் பேச ஒங்க தலைவனக் கூப்பிடுறாங்க. அனுப்புறியா?"

கலாவதி தலைவன் பொம்மையைப் பார்த்தாள். சிவப்புத் தொப்பி. அவன் முகத்துக்கு மட்டும் மூன்று நாள் எடுத்திருந்தாள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இதே கோலசிலாங்கூர் வட்டாரத்தில், ஜெராம் பக்கத்தில் அவர்கள் குடியிருந்து வேலை பார்த்த தோட்டத்தில் பதினோரு நாள் ஸ்டிரைக். ஆபீசுக்கு எதிரே, வெயிலில், பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தாள். துரை பேசக் கூப்பிடுகிறார் என்று வந்து சொன்னார்கள். ஸ்டிரைக்கை நடத்திய அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியேறினார். ஏறும்போது திரும்பி, "எவனும் எந்திரிக்கக் கூடாது!" என்று கத்தினார். என்ன குரல் அது. தொழிலாளர் குடியிருப்பில் கடைசி லயம்வரை கேட்டிருக்கும். உள்ளே ஒரு அறையில் தேத்தண்ணி கொடுத்து, துரை இதோ வருகிறார் வருகிறார் என்று நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். வெளியே ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வந்து, வீரன் சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான், எல்லாரும் வேலைக்குப் போங்கள் என்றான். அப்பா வெளியே வந்தபோது மண்ணில் ஆட்கள் உட்கார்ந்திருந்த தடம்தான் இருந்தது. அம்மாவும் அவளும் மட்டும் நின்றார்கள். அந்த மாதமே தோட்டத்தைவிட்டு வெளியேறினார்கள். அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. போடவில்லை என்று யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் சத்தமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"போகலன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"போகலன்னா, சமாதானம் வேணும்னு நெனச்சவங்க கோவிச்சிக்குவாங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பகடை போடணும். ஒன்னோ ரெண்டோ விழுந்தா அந்தக் கூட்டம் வீட்டுக்குப் போயிரும். பன்னெண்டு கூட்டத்துல மூணுல ஒரு பங்கு போயிரும் கலா. அதான் யாரும்…"

"போகல. அவன் எங்கேயும் போகல."

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அப்பா கேட்டிருப்பார் என்று தோன்றியது. நீ போயிருக்கக் கூடாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னது போலல்லவா ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். வீரன் கைத்தடியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகடை போட்டாள். நான்கு கூட்டங்கள் போயின. அவளே அடித்த நூற்று நான்கு முகங்களை உமாபதி மேசையிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்தான். விமலன் உதட்டைப் பிதுக்கினான். மிச்சம் எட்டுக் கூட்டம். எட்டுச் சுற்று முடியும்வரை குன்றின் உச்சியில் கொடி நின்றால் விவசாயிகளுக்கு வெற்றி.

அவளுக்குப் போர் தெரியாது. ஆனால் ஆட்கள் எங்கே உடைவார்கள் என்று தெரியும். வண்டிகளை நெருக்கி, சக்கரத்தோடு சக்கரம் முட்ட அரைவட்டமாக நிறுத்தினாள். அவற்றின் மறைவில் வில்லாளிகள். தலைவனை எல்லாருக்கும் தெரியும்படி நடுவில் வைத்தாள். முதல் இரண்டு சுற்றில் விமலன் சிரித்துக்கொண்டே குதிரைகளை ஏற்றினான். மூன்றாவதில் அம்புகளுக்கு ஒரு வரிசை விழுந்ததும் சிரிப்பு நின்றது. அளவு நாடாவை இரண்டு முறை போட்டுப் பார்த்தான்.

நான்காம் சுற்றில் பின்னாலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வீரன் நாற்காலியோடு மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "இதுல நம்மாளுங்க எது?" என்று மருமகனைக் கேட்டார். உமாபதி குன்றைக் காட்டினான். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

ஆறாம் சுற்றில் இடப்பக்கம் உடைந்தது. இரண்டு வண்டிகள் கவிழ்ந்தன. அந்த இடைவெளியை நோக்கி விமலன் தன் தளபதியையே முன்னால் விட்டு, மிச்சமிருந்த குதிரைகள் மொத்தத்தையும் திருப்பினான். அவளிடம் பக்கத்தில் இருந்தது பெண்கள் கூட்டம் ஒன்றுதான். இருபத்தாறு பொம்மைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து இடைவெளியில் வைத்தாள்.

"அவங்களால முடியாது அக்கா. மதிப்பு கம்மி," என்றான் விமலன்.

"அஞ்சோ ஆறோ விழுந்தா நிப்பாங்க," என்றான் உமாபதி.

அவள் பகடையை எடுத்தபோது பக்கத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வீரன் எழுந்து நின்றிருந்தார்.

"நில்லுங்கடி! எவளும் எந்திரிக்கக் கூடாது! வண்டிய விட்டு நவுராதீங்க!"

டேவான் முழுக்க அதிர்ந்தது. கூடை முடைந்துகொண்டிருந்தவர்கள், சோப்பு விற்றவர்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கலாவதி பகடையை விட்டாள். அது ஒரு வண்டியில் மோதிச் சுழன்று நின்றது. ஆறு.

குதிரைகள் பின்வாங்கின. தளபதி விழுந்தான். சரிவில் இறங்கிய குதிரைகள், ஏறிவந்த சொந்தக் காலாட்படைமீதே போய் மோதின. ஏழாம் சுற்றில் அவள் வில்லாளிகளை வண்டிகளுக்கு வெளியே கொண்டுவந்தாள். எட்டாம் சுற்று முடிந்தபோது விமலன் பக்கத்தில் திரும்பித் தாக்க ஆளில்லை. கூட்டம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். விமலன் எழுந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நாலு வாட்டி ஜெயிச்சேன் அக்கா. ஒருத்தர்கூடப் போகமாட்டேன்னு சொன்னதில்ல. சும்மா சொல்லல, செம கேம் லா!"

அவள் சிரித்தாள். வாய்விட்டு, பல் தெரிய. உமாபதி நடுவர் என்பதை மறந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கிழவி வந்தாள். கையில் கூடை. யாரையும் பாராமல் நேரே வீரன் முன்னால் போய் நின்றாள்.

"வீரண்ணே? நாந்தான் மேட்டு லயத்து இராஜம்மா."

வீரன் நாற்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அப்படியே நின்றார்.

"சோப்பு வாங்கிக்கிட்டு இருந்தேன். கொரலு கேட்டுச்சு. அந்தக் கொரலு எனக்கு மறக்குமாண்ணே?" அவள் மூச்சு வாங்கினாள். "கிராணி வந்து நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னு சொன்னான். மொதல்ல எந்திரிச்சவ நாந்தான். நீங்க எந்திரிக்காதீங்கன்னுதானே சொல்லிட்டுப் போனீங்க. நாங்க உக்காந்திருக்கணும்ணே."

வீரன் நாற்காலியை நேராக வைத்தார். பிறகு, "நா போடலம்மா," என்றார்.

"தெரியும்ணே. அடுத்த மாசமே தெரிஞ்சிபோச்சு. கிராணியே குடிச்சிட்டு ஒளறுனான். உங்கள எங்கன்னு தேடிச் சொல்றது?"

கலாவதி அப்பாவின் கையைப் பிடித்தாள்.

இராஜம்மா இப்போது மகனோடு சுங்கை செம்பிலாங் பக்கம் இருப்பதாகச் சொன்னாள். வீட்டில் விடுகிறோம் என்று பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். போகிற வழியெல்லாம் பின்சீட்டில் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். யார் செத்தார்கள், யார் மகள் எங்கே டாக்டர், அன்று முன்வரிசையில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள். வீரன் குரலைத் தாழ்த்தவே இல்லை. உமாபதி ஒருமுறை ரேடியோவை நிறுத்திவிட்டுக் கலாவதியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஊர்ப் படகுத்துறையில் நிறுத்தச் சொன்னது வீரன்தான். நாலு பேரும் இறங்கினார்கள். கடல் வெகுதூரம் வற்றிப் போயிருந்தது. மீன்பிடிப் படகுகள் சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. நண்டு வலை பின்னிக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது என்று கைகாட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சேற்றுக்குமேல் மெல்லிய பளபளப்பாக அது வந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். கடைக்கோடியில் கிடந்த நீலப் படகு ஒருமுறை அசைந்தது. அடியில் ஒட்டியிருந்த சேறு விட்டுக்கொடுக்க, அது மெதுவாக நிமிர்ந்து, நேராக நின்று, கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தது. அதற்கு அடுத்த படகும் அசையத் தொடங்கியிருந்தது.