தனசிங்குக்காக அடித்த படி

தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகும் காலை வண்டியில் உட்கார இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. காலி வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே ஆட்கள் ஓடிவந்து தொற்றிக்கொள்வார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் அசாருக்கும் எலியேசருக்கும் பிரசன்னாவுக்கும் பல வருஷமாக இடம் போட்டு வைத்தது யார் என்றால், நால்வரில் ஓடவே முடியாத தனசிங்தான். சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப் போனவன். அவன் காலைப் பார்த்து எல்லாரும் முதலில் ஏற வழிவிடுவார்கள். அந்தச் சலுகையை அவன் கூச்சமே இல்லாமல் நண்பர்களுக்காகச் செலவழிப்பான். ஏறியதும் ஒரு இருக்கையில் கைக்குட்டை, ஒன்றில் குடை, ஒன்றில் சாப்பாட்டுப் பை. எவராவது முறைத்தால், "ஆள் வருது சார்" என்பான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே.

ஊனமுற்றவர்களுக்கென்று தனியாக ஒரு பெட்டி அதே வண்டியில் இருந்தது. அதில் அவன் கால் வைத்ததில்லை. "அங்க போயி யாரோட ரம்மி ஆடுறது?" என்று கேட்பான்.

அந்தமான் யோசனையும் அவனுடையதுதான். கூட வேலை பார்த்தவரின் உறவுக்காரர் சவுரிமுத்து, போர்ட் பிளேரில் சின்னப் படகு வைத்திருந்தார். நாலு பேர் ஏறினால் அவரே ஓட்டி, அவரே சமைத்து, தீவு தீவாகக் கூட்டிப்போவார். ராத்திரி படகிலேயே படுக்கை. குரோம்பேட்டை தாண்டுவதற்குள் தனசிங் இதை ஆரம்பித்தால் எழும்பூர் வரை ஓயமாட்டான். சுனாமி வந்து போனதில் இரண்டு வருஷம் தள்ளிப்போய், கடைசியில் அந்த ஜனவரியில் போவதென்று முடிவானது.

நாள் நெருங்கியபோதுதான் எலியேசர் டீக்கடையில் பேச்சை எடுத்தான். தனசிங் அன்றைக்கு லீவு.

"படகுல ஏத்தணும், இறக்கணும், தண்ணில நடக்கணும். இவனைத் தூக்கிகினு திரியறதுக்கா நாம போறோம்? நாளைக்கு ஒண்ணுன்னா தபீதாளுக்கு யாரு பதில் சொல்றது?"

தபீதாள் தனசிங்கின் மனைவி. அவள் பெயரை இழுத்ததும் விஷயத்துக்கு ஒரு அக்கறைச் சாயம் வந்துவிட்டது. பிரசன்னா டீயை ஊதினான். உள்ளுக்குள் அசாருக்கும் அது சரியென்றே பட்டது, அதுதான் கேவலம். ஒரு தடவையாவது யாருக்காகவும் நடையைக் குறைக்காமல் திரிய வேண்டும் என்று அவன் மனசு ஏங்கியது. தனசிங்கிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சொல்லும் வேலை அசார் தலையில் விழுந்தது. அவன் சொன்னால் தனசிங் நம்புவான். மறுநாள் ரயிலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "யாருக்கும் லீவு கிடைக்கல மச்சான், இந்த வருஷமும் அவ்ளோதான்" என்றான்.

தனசிங் கொஞ்ச நேரம் சீட்டுக்கட்டையே கலைத்துக்கொண்டிருந்தான். "பரவால்ல. சவுரிமுத்து அண்ணனுக்கு நான் ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்."

"நீ ஏன்டா அலையற? நானே சொல்லிடறேன், நம்பரைக் குடு."

கொடுத்துவிட்டான். அந்த நம்பரிலேயே அசார் கூப்பிட்டு, மூன்று பேர் வருகிறோம் என்று சொன்னான். ரயிலில் காணாமல் போவதற்கு ஆளுக்கொரு காரணம் தயாரானது. எலியேசருக்குத் திருச்சியில் ஆடிட், பிரசன்னாவுக்கு மாமியார் வீட்டு விசேஷம், அசாருக்குக் காயல்பட்டினத்தில் கல்யாணம். நல்லவேளை, காயல்பட்டினத்தில் எப்போதும் யாருக்காவது கல்யாணம் இருக்கும்.

போர்ட் பிளேரில் சவுரிமுத்து துறைக்கே வந்து நின்றார். மூன்று பேரையும் பார்த்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தனசிங் சார் எங்க? மூணு பேருன்னதும் வேற யாரோ வரலைன்னு நினைச்சேன்."

"காய்ச்சல்" என்றான் அசார், யோசிக்காமல்.

"அடடா. அவருக்காகத்தானே இதை அடிச்சேன்." படகின் பக்கவாட்டில் கையைக் காட்டினார். அகலமான பலகைப் படி ஒன்று தண்ணீர் மட்டம் வரை இறங்கியிருந்தது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். இரண்டும் புதுசு. "எவ்ளோ உயரத்துக்குக் காலைத் தூக்க முடியும், எந்தக் கையால பிடிப்பாரு, எல்லாம் ஃபோன்லயே சொன்னாரு. கூட வர்றவங்களுக்குத் தொந்தரவு இருக்கக்கூடாதுன்னாரு. இறக்கிவிடற இடமும் எல்லாம் அலை இல்லாத இடமாப் பார்த்து வெச்சிருக்கேன்."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எலியேசர்தான் முதலில் அந்தப் படியில் கால் வைத்து ஏறினான். அப்புறம் பிரசன்னா. அசார் குழாயைப் பிடித்தபோது அது வெயிலில் சுட்டது.

கடல் என்னவோ தனசிங் சொன்னதை விட அழகாகத்தான் இருந்தது. அடியில் கிடக்கும் மணல் வரை கண்ணுக்குத் தெரிந்தது. எலியேசர் குதித்துக் குதித்து நீந்தினான். பிரசன்னா தென்னைமரத்தடியில் படம் எடுத்துத் தள்ளினான். அசாருக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. ஒவ்வொரு தீவிலும் அந்தப் படியில்தான் இறங்க வேண்டும், அந்தப் படியில்தான் ஏற வேண்டும். கையில் பையும் தண்ணீர் பாட்டிலுமாக ஏறும்போது அது எவ்வளவு வசதி என்று பிரசன்னா வாய்விட்டே சொல்லிவிட்டான். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் சாயங்காலம், டவர் கிடைக்கிற ஒரு தீவில் சவுரிமுத்து கரையில் இறங்கி ஃபோன் பேசிவிட்டு வந்தார். முகத்தில் நிம்மதி.

"தனசிங் சார்கிட்ட பேசிட்டேன். உடம்பு எப்படி இருக்குன்னு கேட்கலைன்னா நல்லா இருக்காதே."

அசார் சட்டென்று எழுந்தான். "என்ன சொன்னான்?"

"முதல்ல ஒண்ணும் பேசலை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், ஆமாண்ணே, நல்ல காய்ச்சல், எந்திரிக்கவே முடியலைன்னாரு. நீங்க மூணு பேரும் பத்திரமா வந்து சேர்ந்தீங்களான்னு கேட்டாரு. அசார் சார் நண்டு சாப்பிட மாட்டாரு, நண்டு வெச்ச சட்டியில அவருக்கு மீன் வெச்சிடாதீங்கன்னு மறுபடியும் சொன்னாரு. உங்களுக்குத் தனிச் சட்டி எடுத்து வெச்சிருக்கேன் சார்."

அந்தத் தனிச் சட்டியில் வந்த மீன் குழம்பை அசாரால் விழுங்க முடியவில்லை. பொய் சொன்னவன் இவன். அடுத்தவர் முன்னால் இவன் மானம் போகாமல் அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடித்தவன் தனசிங். 'என்னை ஏன்டா விட்டுட்டுப் போனீங்க' என்று ஃபோனில் கத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இருட்டுக்குள் திரும்பி உட்கார்ந்து அழுதான். மற்ற இருவரும் பார்க்காதது போல இருந்தார்கள்.

திரும்பி வந்த திங்கட்கிழமை தாம்பரம் பிளாட்பாரத்தில் மூன்று பேரும் நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டுமே. திருச்சி ஆடிட்டும், மாமியார் வீடும், காயல்பட்டினக் கல்யாணமும் ஒன்றுபோலக் கறுத்து, ஒன்றுபோல மூக்குத்தோல் உரிந்து நின்றன. வண்டி வந்ததும் ஏறினார்கள். வழக்கமான பெட்டியில், வழக்கமான இருக்கைகளில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கைக்குட்டை இல்லை, குடை இல்லை.

"லீவு போல" என்றான் எலியேசர்.

அசார் பிளாட்பாரத்தில் இறங்கி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். தனசிங் ஊனமுற்றோர் பெட்டியில், ஜன்னலோரம், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான்" என்றான் அசார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "தப்புப் பண்ணிட்டேன்டா. எல்லாம் நான்தான். என்னை நாலு அறை அறை."

தனசிங் அவன் மூக்கையே பார்த்தான். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்றான் மெதுவாக.

"அங்க வந்து உட்காருடா. தயவுசெஞ்சு."

"இங்க நல்லா கீது. யாருக்கும் தொந்தரவு இல்ல." பிறகு கேட்டான். "அந்தப் படி ஆடாம இருந்துச்சா?"

"ஆடல" என்றான் அசார். "நாங்க மூணு பேரும் அதுலதான் ஏறி இறங்கினோம்."

தனசிங் தலையை ஆட்டினான். கோபம் இருந்திருந்தால் அசார் பிழைத்திருப்பான். அந்த முகத்தில் அது இல்லை. வண்டி கிளம்பியது.

மறுநாள் அசார் முந்தின வண்டி போவதற்குள்ளேயே வந்து நின்றான். காலி வண்டி நுழைந்ததும் ஓடி ஏறி, இடித்துக்கொண்டு, நாலு இருக்கையிலும் சாமானை வீசினான். எலியேசரும் பிரசன்னாவும் வந்து பேசாமல் உட்கார்ந்தார்கள். ஜன்னலோர இருக்கையில் கைக்குட்டை கிடந்தது. சானடோரியத்தில் ஒருவர் கேட்டார். "ஆள் வருது சார்" என்றான் அசார். குரோம்பேட்டையில் கேட்டார்கள். பல்லாவரத்தில் திட்டினார்கள்.

கிண்டியில் பெட்டி நிரம்பி வழிந்தது. வயசான ஒருவர் கம்பியைப் பிடித்துத் தள்ளாடினார். "எங்கப்பா ஆள் வருது? பாதி ஊரே வந்துடுச்சு" என்றார்.

அசார் எழுந்துகொண்டான். "நீங்க என் இடத்துல உட்காருங்க சார்" என்றான். கைக்குட்டை கிடந்த இடத்தை மறைத்துக்கொண்டு பீச் வரைக்கும் நின்றுகொண்டே போனான்.