அலுங்காமல்

"அண்ணே, பைய... பையப் பிடிங்க பிரேக்கை!"

காவியா சொல்லி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் வேகத்தடையில் ஏறி இறங்கிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் கிடந்த அப்பா சௌந்தரபாண்டியன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். அவருக்கு முதுகெலும்பு முழுக்கப் புற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் காலையில்தான் சொல்லியிருந்தார்கள். சங்கரன்கோவிலுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர். வலிக்குப் போட்ட ஊசி அதுவரை தாங்குமா என்று தெரியவில்லை.

"மெதுவாத்தான தங்கச்சி போறேன்" என்றார் டிரைவர் நியாஸ் அகமது.

"வேகத்தைச் சொல்லலண்ணே. சட்டுனு எடுக்குதீங்க, சட்டுனு நிறுத்துதீங்க. அதுலதான் தூக்கிப் போடுது."

"நீங்க வண்டி ஓட்டுவீங்களோ?"

"கேமரா ஓட்டுவேன். கம்ப்யூட்டர்ல, கார்ட்டூன் படத்துக்கு."

ஐந்து வருஷமாகச் சென்னையில் அதுதான் வேலை. கேமரா எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று குறித்துக் கொடுத்தால் நடுவில் கம்ப்யூட்டரே நகர்த்திவிடும். ஆனால் அப்படியே விட்டால் பார்க்கிறவர்களுக்கு வெடுக்கென்று இழுத்த மாதிரி இருக்கும். புறப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறவேண்டும்; நிற்பதற்கு வெகு முன்பே தணியத் தொடங்கவேண்டும். அதைச் சரிபண்ணத்தான் ஒரு காட்சிக்கு ஒரு வாரம்கூட உட்கார்ந்திருப்பாள். "படத்துல நீ செஞ்சது எதும்மா?" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் கேட்பார். அவளுக்கு எதைக் காட்டுவதென்று தெரியாது.

"அப்ப நீங்க ரோட்டைப் பாத்துச் சொல்லுங்க. சொல்லச் சொல்ல விடுதேன்" என்றார் நியாஸ்.

அப்பாவின் கையைப் பிடித்தபடி மண்டியிட்டு, முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தாள்.

"அங்கன மாடு நிக்கி. இப்பவே காலை எடுத்துருங்க. தானா உருளட்டும்."

அடுத்த வேகத்தடையில் அப்பா முனகவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தேவர்குளம் போயிற்று. பனவடலிசத்திரம் வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. நியாஸ் அலுங்காமல் ஒதுங்கினார். அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்த அப்பாவின் விரல்கள் வழியில் எங்கேயோ தளர்ந்திருந்தன.

"தூங்குதாகளா?"

"ஆமாண்ணே. ரோட்டைப் பாருங்க."

அவளும் ரோட்டைத்தான் பார்த்தாள். ஊர் வரும்வரை குனியவேயில்லை.

வாசலில் அம்மா செண்பகவல்லி காத்திருந்தாள். வண்டி நின்றதே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவசர அவசரமாக ஸ்ட்ரெச்சரை இழுத்தார்கள். அதன் சக்கரம் படிக்கல்லில் டங்கென்று மோதி ஸ்ட்ரெச்சர் மொத்தமும் அதிர்ந்தது.

காவியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முனகல் வரவில்லை. கண்ணைத் திறந்து, வெகுநேரத்துக்குப் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நியாஸும் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

"பையத் தூக்குங்கய்யா" என்று அம்மா பதறினாள். "அவுக வலி தாங்க மாட்டாக."

காவியா கால்மாட்டுக் கம்பியைப் பிடித்து, அம்மா சொன்னபடியே பையத் தூக்கினாள்.