ஏழாவது வரிசை

பதினோரு மணிக்குக் கூட்டம். பத்தேகாலுக்குள் நகரமன்றத் தட்டச்சர் நாலு தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டாள். தாகமெல்லாம் இல்லை, நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

போலீஸ்மேல் வரும் புகாரைப் போலீஸே விசாரித்தது போதும், இனி பொதுமக்கள் குழு விசாரிக்கட்டும் என்று மன்றம் தீர்மானித்திருந்தது. எப்படிப்பட்ட குழு என்பதற்கு மூன்று திட்டங்கள், இருநூற்றுப் பத்துப் பக்கம். உறுப்பினர்கள் படிப்பார்களா? நல்ல கதை! அவள் ஒரே தாளில் கட்டம் போட்டுத் தருவாள். அவர்கள் டிக்கை எண்ணி, அதிகம் வாங்கியதற்குக் கை தூக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். பூங்கா பெஞ்சிலிருந்து சாக்கடை மூடிவரை எல்லாம் இப்படித்தான் முடிவாகும்.

ஆறு வரிசை முடிந்திருந்தது. உறுப்பினரை யார் நியமிப்பது, நிலையப் பதிவேட்டைக் கேட்டு வாங்கலாமா, இப்படி. முதல் திட்டம் அப்போதே அவுட். மற்ற இரண்டும் ஆளுக்கு நாலு டிக். சமமானால் தலைவர் வைத்ததுதான் சட்டம். அவருக்கு இரண்டாவதுமேல்தான் கண் என்பது ஊருக்கே தெரியும்.

ஏழாவது வரிசையை மட்டும் அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள்: 'பழைய புகாரையும் எடுக்கலாமா?' மூன்றாவது திட்டத்தில்தான் எடுக்கலாம்.

பழைய புகார் ஒன்றில் அவள் அண்ணன் பெயர் இருந்தது. அப்பா போனபின் போலீஸில் சேர்ந்து அவளைப் படிக்கவைத்த அண்ணன். ஒரு தையல்காரரை நிலையத்தில் அறைந்து காதைக் கெடுத்தான் என்று புகார். "நான் கையே வைக்கலைம்மா" என்றான். நம்பினாள். காலையில் போனில், "அந்த ஒரு வரியை விட்டுடு, உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்" என்றான். அதிலிருந்துதான் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறாள்.

ஜன்னலில் ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் அளவு டேப்.

"தையல்கடைக்காரன்ம்மா. என் புகாரை எடுப்பாங்களா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவரை இதுவரை காகிதத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"இன்னிக்குதாங்க முடிவாகும்."

"இந்தப் பக்கம் சொல்லும்மா" என்று இடது காதை நீட்டினார். "வலது போயிடுச்சு."

வலது. அவள் கை தானாகத் தன் வலது கன்னத்துக்குப் போனது. அண்ணன் இடதுகைக்காரன். சின்ன வயதில் அவன் கோபமெல்லாம் விழுந்தது இந்தக் கன்னத்தில்தான். வீட்டில் எல்லாருக்கும் அது கேலிப்பேச்சு. புகாரில் 'காது' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

அவர் போன கையோடு போன் அடித்தது.

"விட்டுட்டியா?"

"அண்ணா, அவருக்கு எந்தக் காது போச்சு?"

"அது எதுக்கு இப்போ? வரியை விட்டியா, இல்லையா?"

"என்னை அடிப்பியே, அதே பக்கம்."

"நான் உன் அண்ணன்டி!"

"அதனாலதான் எனக்குத் தெரியுது" என்றாள். போனைக் கவிழ்த்துவிட்டு ஏழாவது வரிசையைத் தட்டச்சு செய்தாள், மூன்றாவது திட்டத்துக்கு ஐந்தாவது டிக் வைத்தாள், பன்னிரண்டு பிரதி எடுத்தாள்.