பவளத் தொட்டியும் சோடாக் காஸும்

நெல்லியடியில் மகாதேவி அன்ரியின் கலியாண மண்டபத்து வாசலில், பன்னீர் தெளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், உயிர்ப் பவளமும் மஞ்சள் மீன்களும் வளரும் கஜந்தினியின் பவளத் தொட்டி இருந்தது. விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவர் அன்ரிதான். அன்றைக்கே ஒரு நிபந்தனையும் சொல்லிவிட்டார்.

"கலியாணத்தண்டு ஒரு மீன் செத்து மிதந்ததெண்டால், பிள்ளை, அடுத்த நாளே உதிலை தாமரை நட்டுவிடுவன். அபசகுனமெண்டு ஒருத்தரும் மண்டபம் எடுக்க மாட்டினம்."

கஜந்தினி தலையாட்டினாள். எதற்கும் தலையாட்டுவதுதான் அவள் பழக்கம்.

பண்ணையில் வளர்ந்து, அனுமதியோடு வந்த பவளத் துண்டுகள் முதலில் வளரவேயில்லை. பவளம் எலும்பு வைக்கக் கல்சியம் வேண்டும். அதற்காகத்தான் தொட்டிக்குக் கீழே ரியாக்டர் என்ற கருவியைப் பொருத்தினாள். செத்த பவளக்கல் நொறுக்கு நிரம்பிய ஒரு குழாய், பக்கத்தில் ஒரு காஸ் சிலிண்டர். சோடாவில் நுரைக்கிற அதே காஸ், காபனீரொட்சைட்டு, குமிழ் குமிழாகக் குழாய்க்குள் போகும். தண்ணீர் கொஞ்சம் புளிக்கும். அந்தப் புளிப்பில் கல் கரையும். கரைந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக மேலே போய்ச் சேரும். பவளக் கொம்புகளின் நுனியில் வெள்ளையாகப் புது வளர்ச்சி தெரிந்த நாளில், அவள் தனியே நின்று சிரித்தாள்.

சிலிண்டர் தந்தது சோடாக் கொம்பனி வைத்திருக்கும் பஞ்சலிங்கம். ஒரு கலியாண நாளில் சோடாப் பெட்டிகள் இறக்க வந்தவர், தொட்டிக்குக் கீழே எட்டிப் பார்த்தார். ஒரு குமிழி. பிறகு யோசித்து யோசித்து இன்னொரு குமிழி. அவருக்கு மனம் பொறுக்கவில்லை. சிலிண்டரின் திருகாணியை நல்லாகத் திறந்துவிட்டு மற்றப் பெட்டிகளை இறக்கப் போனார்.

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி கஜந்தினி வந்தபோது, குழாய் உலைபோலக் கொதித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் மீன்கள் நான்கில் மூன்று மேலே வந்து வாயைப் பிளந்தன. நான்காவது கல்லோரம் சரிந்து கிடந்தது. பவளங்கள் சுருங்கிவிட்டன.

"ஆர் உதைத் திறந்தது?"

"நான்தான், பிள்ளை. காஸ் காணாதெண்டு நினைச்சன். சோடாவெண்டால் மூக்கிலை ஏற வேணுமெல்லே?"

"உது சோடா இல்லை, அண்ணை!"

திருகாணியை மூடினாள். ஆனால் போன காஸ் தண்ணீரில் கரைந்து நின்றது. தொட்டியின் சின்னக் காற்றுப் பம்பு அதைக் கலைக்கப் போதாது. உள்ளே ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலோரம் சமையல்காரர் வாகீசன் தேத்தண்ணியை முழ நீளத்துக்கு ஆற்றிக்கொண்டு நின்றார். கஜந்தினி அதைப் பார்த்தாள்.

"வாகீசன் அண்ணை, உதே மாதிரி இந்தத் தண்ணியையும் ஆத்தித் தாங்கோ. காஸ் வெளியிலை போயிடும்."

வாகீசன் கைக்குக் கிடைத்த சாம்பார் வாளியோடு ஓடி வந்தார். பின்னாலேயே மகாதேவி அன்ரி.

"ஐயோ! சைவக் கலியாணத்திலை சாம்பார் வாளிக்கை மீன் கிடந்த மச்சத் தண்ணியோ?"

வாகீசனின் கை அந்தரத்தில் நின்றது. அன்ரி சரிந்து கிடந்த மீனைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"கை கழுவிற இடத்து பிளாஸ்ரிக் வாளியளைக் கழுவிக் கொண்டாங்கோ! கதவெல்லாம் திறவுங்கோ!"

அது கஜந்தினியின் குரல்தான். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் காது வரை சுட்டது. ஆனாலும் வாளிகள் வந்தன.

வாகீசன் ஆற்றினார். பஞ்சலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்று ஆற்றினார். கஜந்தினி மொண்டு கொடுத்து, ஆறியதைத் திரும்ப ஊற்றினாள். போன்கள் உயர்ந்தன.

"உதென்ன சடங்கு, தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"பவளத்துக்கு ஆலாத்தி, ஐயா," என்றார் வாகீசன், கை நிற்காமல்.

கெட்டிமேளம் கேட்டது. தாலி ஏறியபோது மகாதேவி அன்ரி மணவறைப் பக்கம் திரும்பவேயில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார். சரிந்து கிடந்த மீனின் செவுள் ஒருமுறை விரிந்தது. பிறகு இன்னொருமுறை. மெல்ல நிமிர்ந்து, ஒன்றும் நடக்காததுபோலக் கல்லைச் சுற்றி நீந்தத் தொடங்கியது.

"அப்பாடா!" அன்ரி நெஞ்சில் கை வைத்தார். "தொட்டி இருக்கட்டும், பிள்ளை. ஆனால் உந்தத் திருகாணியிலை வேறை ஆரும் தொட்டால் கையை முறிப்பன்."

கடைசி வார்த்தை பஞ்சலிங்கத்துக்கு. அவர் ஈர வேட்டியோடு குந்தியிருந்து, கஜந்தினி திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திறப்பதைப் பார்த்தார். ஒரு குமிழி வந்தது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். மற்றது வந்தது.

"எனக்கெண்டால் உது காணாது," என்றார். "ஆனால் குடிக்கிறது நானில்லையே."

கஜந்தினி இந்த முறை தலையாட்டவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள்.