கலப்படமில்லாத குளிர்

1979இல், சிங்கப்பூரின் ஜாலான் புசாரில், துருவிய ஐஸில் பயறும் பாகும் சேர்த்துத் தரும் ஐஸ் கச்சாங் கடை வைத்திருந்த பரமசிவத்துக்குத் திடீரென்று நாகரிகம் வந்துவிட்டது. ஒரு வெள்ளைக்கார மாலுமி கடைக்குள் எட்டிப் பார்த்து, “கச்சாங் என்றால் என்ன?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டான். இனித் தன் கடையில் மலாய்ச் சொல்லே கூடாது என்று அன்றே முடிவெடுத்தார்.

பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் தட்டச்சு வேலை பார்த்த பிரிஜட்டிடம், தன் ஐஸ் வகைகளுக்குப் புதிதாக வைக்க எடுத்த பனிநாட்டுப் பெயர்களின் பட்டியலை நீட்டினார். கிளேசியர், ஐஸ்பெர்க், துந்த்ரா, ஃபியோர்ட்.

“எல்லாம் சுத்தமான இங்கிலீஷ்மா. ஜியாகிரஃபி புக்குலேர்ந்து எடுத்தேன். மெனு கார்டு அடிச்சுக் கொடுங்க.”

பிரிஜட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம். எழுத்துப்பிழை பார்க்க அகராதியைத் திறந்தால், சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் படித்துவிடுவாள்.

“அண்ணே, கிளேசியர் பிரெஞ்சு. ஃபியோர்ட் நார்வே. ஐஸ்பெர்க் டச்சுக்காரங்ககிட்ட வாங்கினதாம். துந்த்ரா ரஷ்யா வழியா வந்திருக்கு. அதுக்கும் முன்னால, வடக்கே மான் மேய்க்கிறவங்க பேச்சு.”

பரமசிவம் நாற்காலியில் சாய்ந்தார். ஏதோ உறவினர் ஏமாற்றிவிட்டதைப் போல அவர் முகம் தொங்கியது.

“அப்ப இங்கிலீஷ்காரன் சொந்தமா என்னதான் வச்சிருக்கான்?”

“ஸ்னோ, ஃப்ராஸ்ட், ஐஸ். அவங்க ஊர்ல துந்த்ரா இல்லண்ணே, பேருக்கு எங்க போவாங்க? ஐஸ் உங்க போர்டுல ஏற்கெனவே இருக்கு.”

“நீங்க அடிங்க. யாரு தோண்டிப் பார்க்கப் போறா?”

அடித்தாள். புதிய மெனு வந்த முதல் நாள், டாக்ஸி ஓட்டுநர் அப்துல் கஃபார் அட்டையை வெகுநேரம் ஆராய்ந்தார்.

“ஃபோர்டா? கார் பேருலா இது! எனக்கு வேணாம், சர்வீஸுக்கே சொத்து போயிடும்.”

கடை முழுக்கச் சிரித்தது. பெரியவர் ஒருவர் துந்த்ரா மருந்தா என்று கேட்டு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்றும் விசாரித்தார். சாயங்காலத்துக்குள் எல்லாரும் பெயரை விட்டுவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த பழைய ஐஸ் படங்களைத் தொட்டுக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் பரமசிவம் மறுபடி மாடியேறி வந்தார். தவறு தன்மேல் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“அந்த அகராதி போட்ட கம்பெனிக்கு ஒரு லெட்டர் அடிங்கம்மா. இரவல் சொல்லையெல்லாம் இங்கிலீஷ்னு விக்கிறாங்க. பொதுமக்களை ஏமாத்துற வேலை.”

பிரிஜட் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு பிழையும் இல்லாமல் ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தாள். பரமசிவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார்; திருப்தியுடன் தலையசைத்தார். பிறகு பேனாவைத் திறந்து, அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார்.