முந்நூற்றுப் பதினேழாம் பதிப்பில் எடுக்கப்பட்ட பெயர்

முதல் அநியாயம் ஊரின் நாற்பத்தோராம் பதிப்பில் நடந்தது. உப்பளத் தொழிலாளர் சங்கத் தெருவின் குடிநீர்க் குழாயை மேலே கொண்டுபோனவர்கள், இறக்கும்போது முதலாளிமார் தெருவில் இறக்கினார்கள். இரண்டாவது தொண்ணூறாம் பதிப்பில். சங்க ஆபீசின் மாடி இறங்கியது, மாடிப்படி இறங்கவில்லை. உறுப்பினர்கள் கயிறு பிடித்து ஏறிப் பழகிக்கொண்டார்கள். மூன்றாவது இருநூற்று ஆறாம் பதிப்பில். சங்கத் தெருவுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை நிறுத்தப்பட்டது. சங்கக் கூட்டம் செவ்வாய்க்கிழமைதான் நடக்கும் என்பது ஊரை இறக்கும் வெளியீட்டு ஆபீசுக்கு நன்றாகத் தெரியும். நான்காவது முந்நூற்றுப் பதினேழாம் பதிப்பில். பேச்சித்தாயின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

வெள்ளுப்புத்துறை தினமும் காலை பத்து மணிக்கு மேகத்திலிருந்து புதிதாக இறங்கும் ஊர். தெருவும் வீடும் ஆளும் அவரவர் கண்டெய்னரில் மேலே போய், திருத்தத்தோடு கீழே வரும். பத்தே காலுக்குக் கடைகள் திறந்துவிடும்.

பேச்சித்தாய் உப்பளத்துப் பெண்களின் தலைவி. காலுக்குச் செருப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் கேட்டு அறுபத்து மூன்று நாள் வேலைநிறுத்தம் நடத்தியவள். அறுபத்து நான்காம் நாள் பாத்திக்குள் விழுந்து உயிரைவிட்டாள். துறைமுக வாசலில் அவள் பெயர் செதுக்கிய கல் இருந்தது. இப்போது கல் மட்டும் இருந்தது. அந்தப் பெயர் சங்கச் செயலாளர் சிலுவைமுத்து ஒருவருக்குத்தான் நினைவிருந்தது. அது எடுக்கப்பட்ட அன்று அவர் ஜில்லாச் சிறையில் இருந்தார். சிறைக்குப் புதிய பதிப்பு போவதில்லை. அங்கே பழையதுதான் ஓடும். நாற்பது வருஷத்தில் பதினோரு முறை உள்ளே போனவருக்கு அது ஒன்றுதான் அரசாங்கம் செய்த நன்மை.

அவர் பெயரைச் சொன்னால் கேட்பவர்களுக்கு அவர் கொட்டாவி விடுவதுபோல் இருந்தது. நோட்டீசில் அச்சடித்தால் அந்த இடம் வெள்ளையாக வந்தது. எடுக்கப்பட்ட எதையும் நூறு பதிப்புக்குள் திரும்ப இறக்காவிட்டால் மேகத்திலிருந்தே அழித்துவிடுவார்கள் என்பது விதி. நானூற்றுப் பதினேழோடு நூறு முடியும்.

மனுவோடு வெளியீட்டு ஆபீசுக்குப் போனார். அதிகாரி சுந்தரவடிவேல் மனுவைத் தொடவில்லை.

“மனு வாங்குறத நிறுத்தியாச்சு. இப்ப யார் வேணும்னாலும் ஊரை வெளியிடலாம். நாற்பத்தஞ்சு நாள் வகுப்பு, பழைய சுங்கச் சரக்குக் கிட்டங்கியில. படிச்சுட்டு நீங்களே இறக்கிக்கிடுங்க.”

சிலுவைமுத்து போய்ச் சேர்ந்தார். அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. நோட்டீஸ் படித்து எழுத்துக் கற்றவர், நோட்டீஸ் எழுதி உலகம் கற்றவர். வகுப்பில் புதிதாக ஒன்றும் இருப்பதாக அவருக்குப் படவில்லை. எழுது, பிழை பார், முதலில் ஒரு தெருவில் கொடுத்துப் பார், பிறகு சங்கு ஊதும் நேரத்துக்கு எல்லா வாசலிலும் ஒரே சமயத்தில் போய் நில். ஆசிரியை ஜெசிந்தா, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்தவள், பலகையில் எழுதி முடிப்பதற்குள் அவர் பதில் சொன்னார். பரீட்சையில் அவர்தான் முதல். சான்றிதழைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டார்.

நானூற்றுப் பதினாறாம் பதிப்புக்குத் தன் பதினாலு அம்சக் கோரிக்கைச் சாசனத்தை ஒரே கண்டெய்னரில் ஏற்றினார். அதில் குழாய் இருந்தது, படி இருந்தது, செவ்வாய்க்கிழமை இருந்தது, பேச்சித்தாயின் பெயர் இருந்தது. பதினாலாவது, முதலாளிமார் ஒருநாள் வெறுங்காலோடு உப்பளத்தில் நிற்பது.

பத்து மணிக்கு எல்லாம் இறங்கின. குழாயில் தண்ணீர் வந்தது. சங்கத் தெருவில் உடனே செவ்வாய்க்கிழமை ஆனது. கல்லில் பேச்சித்தாயின் எழுத்துகள் தோன்றி, மூச்சு முட்டி, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முதலாளிமாரின் செருப்புகளுக்கு வேறு கால் ஒதுக்கப்படாததால், அவை வரிசையாக நடந்து கடலுக்குள் போயின. ஒவ்வொரு பதிப்பையும் கால்மணி நேரம் பார்த்துச் சரி சொல்ல மூன்று சாட்சிகள் உண்டு. அவர்கள் சிவப்புக் கொடியைத் தூக்கினார்கள். ஊர் நேற்றைய பதிப்புக்குத் திரும்பியது. குழாயடியில் நிறைந்திருந்த குடங்கள் காலியாயின.

டீக்கடையில் கொம்பையா காத்திருந்தான். சங்கத்தில் முப்பது வருஷம் சேராமலேயே இருந்தவன்.

“பதினாலு கேட்டு பதினஞ்சு நிமிஷம் வாங்குன தலைவரு நீருதாம் வே.”

“நீ பொறந்ததுலேர்ந்து ஓசி டீக்கு மேல எதையும் கேட்டதில்லல்லா. உனக்கு எங்க தெரியும்?”

ஜெசிந்தா கிட்டங்கியில் உட்கார்ந்து, கல்லடியில் உதிர்ந்ததை அள்ளிவந்த எழுத்துகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, பதினாலையும் ஒண்ணா அடைச்சா, ஒண்ணு கெட்டாலும் பதினாலும் திரும்பிரும். ஒண்ணொண்ணா விடுங்க.”

“சாசனம்னா முழுசாத்தாம்மா. ஒண்ண வாங்கிட்டு பதிமூண விட்டுட்டு வாரவனுக்கு எங்க சங்கத்துல ஒரு பேரு உண்டு.”

“என்ன பேரு?”

“அத வகுப்புல சொல்ல முடியாது.”

“விடுறதுன்னு யார் சொன்னா? நாளைக்கழிச்சும் பத்து மணி வரும்லா. நாளைக்கு எது இல்லாம முடியாதோ அத மட்டும் ஏத்துங்க.”

சிலுவைமுத்து சாசனத்தை மடித்து வைத்துவிட்டு, பேச்சித்தாயின் பெயரை மட்டும் எடுத்துக் காலிக் கண்டெய்னருக்குள் வைத்தார். கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“பேரு மட்டும் மேல போனா மூச்சு விடாது, அண்ணாச்சி. அது எதெல்லாம் இருந்தா உயிரோட நிக்குமோ, அதெல்லாம் கூடப் போகணும்.”

ஒலிபெருக்கி இல்லாமல் மூன்றாம் பாத்திவரை கேட்கும் அவள் குரலை வைத்தார். வெடித்துப் போன குதிகாலை வைத்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும் வழக்கத்தை வைத்தார். அவரை “ஏ நோட்டீசு” என்று கூப்பிடுவதை வைத்தார். அறுபத்து மூன்று நாட்களையும் மடிப்புக் கலையாமல் அடுக்கினார். விளக்கு சிவப்பாகவே இருந்தது.

“ஏதோ ஒண்ணு குறையுது” என்றாள் ஜெசிந்தா.

என்ன குறைகிறது என்று அவருக்குத் தெரியும். அடுக்கும்போது நாற்பத்தொன்பதாம் நாளை வெறும் உறையாகத்தான் வைத்திருந்தார். அன்று காலை அவர்தான் அவளிடம் போய், செருப்பை வாங்கிக்கொள், கண்ணாடியை விட்டுவிடு, எல்லாரும் களைத்துவிட்டார்கள் என்று சொன்னார். அவள் உப்புக் கூடையை அவர் தலையில் கவிழ்த்தாள். இருநூறு பெண்கள் பார்த்தார்கள். “அச்சடிக்கத்தான் உனக்கு தைரியம்” என்றாள். நாற்பது வருஷ நோட்டீசுகளில் எதிலும் அவர் அதை எழுதியதில்லை.

அதை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே வைத்தார். உப்பு கொஞ்சம் தரையில் சிந்தியது. விளக்கு பச்சையானது.

ஜெசிந்தா படிவத்தை நீட்டினாள். கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி.

“எத்தனை பிரதி இறக்கணும்? ஒண்ணு போதும். ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு நிக்கட்டும்னு ரெண்டு போடுவாங்க.”

“ஆயிரத்துக்குக் குறைஞ்சு நாங்க எதையும் அடிச்சதில்ல” என்றார் சிலுவைமுத்து. ஆயிரம் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சாட்சி முறை கொம்பையாவுக்கு வந்தது. உடன் ஒரு தபால்காரரும், ஐஸ் ஃபாக்டரி மேஸ்திரி ஒருவரும். பத்து மணிக்கு நானூற்றுப் பதினேழாம் பதிப்பு ஓசையில்லாமல் இறங்கியது. குழாய் முதலாளிமார் தெருவிலேயே இருந்தது. மாடிக்குக் கயிறுதான். சிலுவைமுத்து வெளுத்த சட்டையில் துறைமுக வாசலில் நிமிர்ந்து நின்றார்.

புதிதாக இறங்கியவர்களின் பெயரைச் சாட்சிகள் முன் படித்துக் காட்டுவது அதிகாரியின் வேலை. சுந்தரவடிவேல் பதிவேட்டைப் பிரித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“பேச்சித்தாய்.”

யாருக்கும் கொட்டாவி போலக் கேட்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்ற பெண் வெற்றிலையைத் துப்பினாள்.

“இருக்கேன்” என்றாள்.

தபால்காரர் தலையாட்டினார். மேஸ்திரி தலையாட்டினார். கொம்பையா தன் நாற்காலியைத் தூக்கி அதிகாரிக்குப் பின்னால் போட்டான்.

“உக்காந்து படிங்க சார், நேரமாகும்.”

வரிசை வாசலிலிருந்து உப்பளம் வரைக்கும் நின்றது. எல்லாருக்கும் குதிகால் வெடித்திருந்தது. சுந்தரவடிவேல் உட்கார்ந்து, இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

“பேச்சித்தாய்.”