வாடகை வாங்கிய அப்பன்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு தாள் வேண்டும். ஆள் எதிரே நின்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அதையே தாளில் அடித்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். கம்பைநல்லூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து மதலைமுத்து இப்படித்தான் பொருமிக்கொண்டிருந்தார்.

அவர் மகள் ஜெனிஷா அயர்லாந்து நாட்டு டப்ளினில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். போய் ஐந்து மாதம் ஆகிறது. வேலைக்கு எடுத்தவர்கள் முதல் மாதம் மட்டும் தங்க இடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மலையாளக் குடும்பம், தங்கள் வீட்டுச் சொந்தக்காரனுக்குத் தெரியாமல், கூடத்து சோபாவில் படுக்க விட்டது. இப்போது அவர்களுக்கும் ஊரிலிருந்து ஆள் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இடத்தைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார்கள்.

பதினெட்டு வீடு பார்த்தாள். ஒவ்வொரு வாசலிலும் ரேஷன் கடை வரிசை மாதிரி முப்பது நாற்பது பேர். வாடகையோ சம்பளத்தில் பாதிக்கு மேல். கடைசியில் ஒரு ஒற்றை அறை தகைந்து வந்தது. வீட்டு ஏஜெண்டு ஒன்றே ஒன்று கேட்டான். இதற்கு முன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், இந்தப் பெண் வாடகையை ஒழுங்காகக் கொடுத்தாள், வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தாள் என்று கடிதம் தர வேண்டும். அதுவும் இன்றைக்குள்.

திருட்டுத்தனமாகப் படுக்க விட்டவர்கள் எழுதித் தர முடியாது. விமானம் ஏறும்வரை அப்பன் வீட்டிலேயே இருந்தவளுக்கு வீட்டுச் சொந்தக்காரர் வேறு யார் இருக்கிறார்?

சென்டர் வைத்திருந்த அமுதா இங்கிலீஷில் அடித்துத் தமிழில் படித்துக் காட்டினாள். மாதம் நாலாயிரம் வாடகை, ஐந்தாம் தேதி தவறாமல் வந்துவிடும் என்று இருந்தது.

"எம் மவகிட்ட நான் வாடக வாங்குனேன்னு கையெழுத்துப் போடணுமா? நாளைக்குக் கோயில்ல எவன் மொகத்துல முழிப்பேன்?"

"அங்க போற தாளுங்க தாத்தா. இங்க யாரு பாக்கப் போறாங்க?"

"எல்லாரும் மொதல்ல இப்பிடித்தான் சொல்றீங்க."

மகளுக்குப் போன் போட்டார். ராத்திரி டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பார்.

"ஞாயித்துக்கெழம பொட்டியோட மழையில நிப்பேம்பா. உங்களுக்கு அந்த நாலாயிரந்தான் பெருசாத் தெரியுதுங்களா?"

பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் பேரைப் போட்டார். அமுதா அனுப்பி வைத்தாள். ஒரு டீ வாங்கினார். ஒரு மணி நேரம் சென்டர் வாசல் பெஞ்சிலேயே இருந்தார்.

ஜெனிஷா கூப்பிட்டாள். அவள் பாஸ்போர்ட்டில் ஜெனிஷா மதலைமுத்து. கடிதத்தின் அடியில் மதலைமுத்து. ஏஜெண்டு ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இவர் உனக்கு யார் என்று கேட்டானாம். அப்பன் பேரை ஒரு எழுத்தாகப் போட்டே பழகியவர்களுக்கு, பாஸ்போர்ட்டில் அது முழுசாக நிற்பது ஞாபகத்தில் இல்லை. அவர், மகள், அமுதா என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அப்பாதான் என்று அவள் சொல்லிவிட்டாள். அறை அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

"பெத்தவன் எழுதுனா செல்லாதா?"

"செல்லாதாம்பா."

வேலை செய்யும் இடத்தில் துணி மாற்றுகிற அறையில் ரெண்டு நாள் படுத்துக்கொள்ளக் கேட்டிருப்பதாகச் சொன்னாள். அவர்கள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ரெண்டு பெட்டியை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

"வந்துரு கண்ணு."

"வந்து?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

அடுத்துப் பார்க்கும் வாடகை வீட்டுக்காவது ஆகும், பக்கத்து வீட்டுப் பச்சியப்பன் பேரில் ஒரு கடிதம் அடித்து வைக்கட்டுமா என்று அமுதா மெதுவாகக் கேட்டாள். வேற்று ஆள் சொன்னால்தான் அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்றாள்.

"அவன் வூட்டுல எம் மவ ஒரு நாளும் இருந்ததில்ல. நான் எழுதுனதும் பொய், அவன் எழுதப்போறதும் பொய். அவன் பொய்ய மட்டும் நம்புவானுங்களா?"

"அங்க ரூல் அப்பிடிங்க தாத்தா."

"என்ன ரூலோ."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். எதிரே பஸ் நின்றிருந்தது. அதில் ஏறாமல், தலையை ஆட்டிக்கொண்டே ரோட்டோரமாக நடந்து போனார்.